காயத்துக்கு முன்பே இருந்த குரல்

அன்புள்ள அக்கா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வார நாட்களில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. சனி, ஞாயிறு பஸ் பிடித்துப் புதுச்சேரி வந்து ஒரு ராக் குழுவில் பாடுகிறேன். பெரும்பாலும் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஹோட்டல், கஃபே நிகழ்ச்சிகள்தான். அயர்லாந்தின் கிரான்பெரீஸ் என்ற ராக் குழுவில் டோலோரஸ் ஓ'ரியர்டன் பாடிய 'ஸாம்பி' பாட்டைப் பாடாமல் கூட்டம் என்னை இறங்க விடாது. அப்பா ஒருமுறை வந்து கேட்டுவிட்டு, "என்னம்மா இது, இங்கிலீஷ்ல ஒப்பாரி வைக்கிற?" என்றார். எங்கள் குழுவில் இருக்கும் மூத்தவர் வேறு மாதிரி சொல்கிறார். "சுருதி, தாளம் எல்லாம் சரியா இருக்கு. ஆனா நீ வாழ்க்கையில இன்னும் அடிபடல. அதான் குரல்ல வலி வரல. டோலோரஸ் பட்ட கஷ்டத்தைப் படிச்சுப் பாரு" என்றார்.

படித்தேன். எதைத் திறந்தாலும் லண்டன் ஹோட்டலில் அவர் இறந்துகிடந்த குளியல் தொட்டியில்தான் தொடங்குகிறது. அதற்கப்புறம் சிறுவயதில் நடந்த கொடுமை, மனநோய், குடி, விவாகரத்து. இப்போது அந்தப் பாட்டை எடுத்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. போன வாரம் நிகழ்ச்சிக்கே போகவில்லை. நன்றாகப் பாட வேண்டும் என்றால் அப்படி அடிபட்டிருக்க வேண்டுமா? அவர் வாழ்க்கையை நான் எப்படி எடுத்துக்கொள்வது? நானே தமிழில் பாட்டு எழுதிப் பாடலாம் என்றும் ஓர் ஆசை இருக்கிறது. அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் குழுவின் மூத்தவர் சொன்னது தவறு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்கு அப்புறம் வரலாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். பாடகர்களைப் பற்றி இப்படி ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. ஆனால் இருபது சொச்சம் வயதில் ஆர்வத்தோடு பாட வருகிற ஒரு பெண்ணிடம் "நீ இன்னும் அடிபடவில்லை" என்று குறை சொல்வதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடிபடுவது யாருக்கும் தகுதி ஆகாது. டோலோரஸ் ஓ'ரியர்டனின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. நீங்கள் படித்த கட்டுரைகள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டன. நாம் முதல் பக்கத்திலிருந்து வரலாம்.

1971 செப்டம்பர் 6ஆம் தேதி, அயர்லாந்தின் லிமெரிக் நகருக்கு வெளியே பாலிபிரிக்கன் என்ற கிராமத்துக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. அதில் இரண்டு பேர் கைக்குழந்தையாகவே இறந்துபோனார்கள். அப்பா பண்ணை வேலை செய்தவர். இவர் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் அடிபட்டு, அதற்குமேல் வேலைக்குப் போக முடியாதவராகிவிட்டார். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து அம்மாதான் குடும்பத்தை ஓட்டினார். பக்தி மிகுந்த கத்தோலிக்கர். வியாகுல மாதாவை நினைத்து மகளுக்கு டோலோரஸ் என்று பெயர் வைத்தவர்.

அந்த வீட்டில் பாட்டுக்குக் குறைவில்லை. அப்பா பாடுவார். மாடு மேய்ப்பவர்கள் பாடுகிற அமெரிக்க நாட்டுப் பாடல்களில் குரலைச் சட்டென்று மேலே தாவவிட்டுக் கீழே இறக்குகிற முறை ஒன்று உண்டு, அதற்கு யோடல் என்று பெயர். அப்பா பாடக் கேட்டுத்தான் அதைப் பிடித்துக்கொண்டதாக டோலோரஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஐந்து வயதில் பள்ளித் தலைமை ஆசிரியை அவரைக் கூட்டிக்கொண்டுபோய் பெரிய வகுப்புப் பிள்ளைகள் முன்னால் மேசைமேல் உட்காரவைத்துப் பாடச் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வாயடைத்துக் கேட்டார்கள். சிறுமியாக இருந்தபோதே உள்ளூர்க் கோயிலில் பாடினார், ஆர்கன் வாசித்தார். பியானோ முறையாகக் கற்றார். ஐரிஷ் மொழிப் பள்ளியில் படித்ததால், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், குரலின் வளைவு நெளிவுகளை மட்டுமே நம்பிப் பாடுகிற அந்த நாட்டுப் பழைய பாட்டுமுறையும் அவருக்குள் இறங்கியது.

புதுச்சேரியில் வளர்ந்த எனக்கு இந்தப் பகுதி மிகவும் நெருக்கமானது. மிஷன் வீதியில் சம்பா கோயில், ரயில் நிலையத்துக்கு எதிரே திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, வில்லியனூர் லூர்து மாதா கோயில், இங்கெல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாடகர் குழுவில் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நான்கு குரலும் சேரும்போது தன் குரலை எங்கே வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது தான் எப்படித் தாங்க வேண்டும் என்பதெல்லாம் பத்து வயதுக்குள் அவர்களுக்குப் பழகிவிடுகிறது. பிற்காலத்தில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவர்களில் இப்படி வந்தவர்கள் நிறைய. டோலோரஸும் அந்த வழியில் வந்தவர்தான்.

அவருக்கு நடந்த கொடுமை எட்டு வயதில் தொடங்கியது. குடும்பம் நம்பிய ஒருவர் நான்கு வருடம் அந்தக் குழந்தையிடம் தவறாக நடந்திருக்கிறார். 2013இல்தான் டோலோரஸ் அதை வெளியில் சொன்னார். இதற்குமேல் விவரம் நமக்குத் தேவையில்லை. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வயதுகளை. மேசைமேல் உட்கார்ந்து பள்ளிக்கூடத்தையே அசத்தியபோது அந்தக் குழந்தைக்கு வயது ஐந்து. குரல் அப்போதே இருந்தது. அப்பாவிடமிருந்து வந்த அந்தத் தாவலும் இருந்திருக்க வேண்டும். எட்டு வயதில் வந்த கொடுமை அதில் எதையும் கொடுக்கவில்லை. கொடுத்தது என்று சொன்னால், கொடுமை செய்தவனுக்கு அந்தப் பாட்டுகளில் பங்கு கொடுத்ததாகிவிடும். எனக்கு அதில் சம்மதமே இல்லை.

சரி, பாட்டுக்கு வருவோம்.

லிமெரிக்கில் நோயல் ஹோகன், மைக் ஹோகன் என்று அண்ணன் தம்பி இருவர், டிரம்ஸுக்கு ஃபெர்கல் லாலர். இவர்களுக்கு ஒரு குழு இருந்தது, அதுதான் பின்னாளில் கிரான்பெரீஸ் ஆனது. அதில் பாடியவர் விலகிவிட்டார். 1990இல் பாடகி தேடினார்கள். பதினெட்டு வயது டோலோரஸ் ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து பாடிக் காட்டினார். வார்த்தை இல்லாத ஒரு மெட்டை கேசட்டில் பதிந்து கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த முறை வரும்போது அதற்கு வரிகளும் பாடும் மெட்டும் போட்டுக்கொண்டு வந்தார். 'லிங்கர்' அப்படி உருவானது. பதினேழு வயதில் மனதுக்குப் பிடித்த ஒருவனிடம் பட்ட சின்ன ஏமாற்றம்தான் அந்தப் பாட்டின் பொருள். எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணுக்கும் நடக்கிறதுதான். தன் வாழ்வின் மிக இருண்ட விஷயத்தை அவர் அங்கே எடுக்கவில்லை. அதில் பெரிதாக இருப்பது மெட்டும், அந்தக் குரல் வரியின் கடைசியில் போய் நிற்கிற இடமும்.

ஆரம்பத்தில் மேடையில் கூட்டத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டு, முதுகைக் காட்டியபடி பாடியிருக்கிறார். 1991இல் வந்த ஒரு சிறு வெளியீட்டுக்கு விமர்சனங்கள் மோசமாக வந்து, குழு கலைந்துவிடும் நிலைகூட வந்தது. மேலாளரை மாற்றினார்கள். இங்கிலாந்தின் தி ஸ்மித்ஸ் என்ற குழுவின் இசைத்தட்டுகளில் பணியாற்றிய ஸ்டீபன் ஸ்ட்ரீட் தயாரிப்பாளராக வந்தார். 1993 மார்ச்சில் முதல் ஆல்பம் வந்தபோது இங்கிலாந்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்கா போய் மற்ற குழுக்களுக்கு முன்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சமயத்தில் எம்.டி.வி. 'லிங்கர்' பாட்டை ஓயாமல் போட ஆரம்பித்தது. ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் பெரிய குழு.

அந்தக் காலத்து ஆல்டர்நேடிவ் ராக் என்றால் கிழிந்த சட்டை, முகத்தில் விழும் முடி, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து வந்த கரகரப்பான ஆண் குரல்கள். அதற்கு நடுவே லிமெரிக் உச்சரிப்பை ஒளிக்காமல், கோயிலில் பாடிப் பழகிய தொண்டையோடு ஒரு பெண் வந்து நின்றார். எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்த புதிதில்தான் நான் முதலில் கேட்டேன். இங்கிலீஷ் பாட்டென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் வைத்திருந்த கணக்கு எதிலும் அது அடங்கவில்லை.

இப்போது 'ஸாம்பி'. வாராவாரம் நீங்கள் பாடுகிற பாட்டு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1993 மார்ச் 20, சனிக்கிழமை. மறுநாள் இங்கிலாந்தில் அன்னையர் தினம். வாரிங்டன் என்ற ஊரின் கடைத்தெருவில் மக்கள் பொருள் வாங்கிக்கொண்டிருந்தபோது குப்பைத் தொட்டிகளில் வைக்கப்பட்டிருந்த இரண்டு குண்டுகள் வெடித்தன. வைத்தது ஐ.ஆர்.ஏ., வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்கப் போராடிய ஆயுதக் குழு. அம்மாவுக்கு வாழ்த்து அட்டை வாங்க வந்த மூன்று வயதுக் குழந்தை ஜோனத்தன் பால் அங்கேயே இறந்தான். பன்னிரண்டு வயது டிம் பாரி ஐந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தான். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம்.

குழு அப்போது சுற்றுப்பயணத்தில் இருந்தது. செய்தி டோலோரஸை விடவில்லை. அறைக்குத் திரும்பித் தனியாக கிட்டாரில் அந்தப் பாட்டைப் போட்டார். முதல் வடிவம் மெதுவானது. பிறகு ஒத்திகையில் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷனை ஏற்றச் சொன்னார், டிரம்ஸை ஓங்கி அடிக்கச் சொன்னார். அதுவரை மென்மையாக வாசித்துப் பழகிய பையன்கள் அவர்கள். பாட்டு முழுக்க நான்கே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகள், திரும்பத் திரும்ப. கற்றுக்கொள்கிற எல்லாக் குழுக்களும் அதை எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் கோபம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். யாரோ இரண்டு அம்மாக்களின் பிள்ளைகள். தான் பார்த்தேயிராத பிள்ளைகள், எதிர்த்தரப்பு என்று சொல்லப்பட்ட நாட்டின் பிள்ளைகள். டோலோரஸின் மிகப் புகழ்பெற்ற பாட்டில் அவருடைய சொந்தக் கஷ்டம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அதைப் பாட ஒரு துணிவும் வேண்டியிருந்தது. குண்டு வைத்தவர்கள் ஐரிஷ் மக்களின் பெயரால் வைத்தார்கள். அந்த மக்களில் ஒருத்தி எழுந்து, இது என் பெயரால் நடக்க வேண்டாம் என்றாள். 1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த எழுச்சியிலிருந்து தொடரும் அதே கதை என்று பாட்டிலேயே சுட்டினாள். இதற்காகத் திட்டு வாங்கினார். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவமும் கொன்றதே, அதை ஏன் பாடவில்லை என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்தவன் செய்ததைச் சொல்ல எல்லா ஊரிலும் ஆயிரம் வாய் இருக்கும். நம் பக்கத்தில் நடந்ததைச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் அரிது. மொழியும் இனமும் நமக்கு உயிராக இருக்கிற இந்த மண்ணில் இருந்துகொண்டு அந்தத் துணிவை நான் சின்னதாக நினைக்க மாட்டேன்.

1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. சில வாரத்தில் 'ஸாம்பி' வெளியானது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் தெருக்களில் நிஜமான ராணுவ வீரர்களையும் விளையாடும் சிறுவர்களையும் படம்பிடித்து சாமுவேல் பேயர் எடுத்த வீடியோவை பி.பி.சி. அப்படியே போட மறுத்துவிட்டது. பாட்டு அதையும் தாண்டிப் போனது. அது இடம்பெற்ற இரண்டாவது ஆல்பம் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2020இல் யூடியூபில் அந்த வீடியோ நூறு கோடிப் பார்வையைக் கடந்தது. 2023இல் பாரிஸில் ரக்பி உலகக் கோப்பைப் போட்டியில் தென்னாப்பிரிக்காவை அயர்லாந்து வென்ற இரவு, அரங்கம் முழுக்க எழுந்து நின்று அதைப் பாடியது.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒன்று உண்டு. டிம் பாரியின் அப்பா காலின் பாரி, மகன் போன பிறகு சமாதானத்துக்காகவே உழைத்தவர். வாரிங்டனில் மகன் பெயராலும் ஜோனத்தன் பெயராலும் ஓர் அமைப்பை நடத்தியவர். 'ஸாம்பி' தன் மகனையும் நினைத்து எழுதப்பட்டது என்பது டோலோரஸ் இறந்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. பாட்டைத் தேடிப்பிடித்து, வரிகளை முழுதாகக் கேட்டு, மனம் நெகிழ்ந்து பேசினார். ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் உலகமே பாடிய பாட்டு, யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வீட்டுக்கு அவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்கள் மேடையில் பாடுவதற்கு முன்னால் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி தமிழில் சொல்லுங்கள். கஃபேயில் சாப்பிட வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் மூத்தவர் கேட்கக்கூடும். அவருக்கு வந்த கஷ்டங்கள் குரலை ஆழமாக்கவில்லையா என்று. நடந்ததைப் பார்ப்போம். 1995இல் புகழ் உச்சத்தில் இருந்தது. இத்தாலியின் மோதெனாவில் ஓபரா பாடகர் பவரொட்டியோடு 'ஆவே மரியா' பாடினார். அதே சமயம் சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல் உடம்பு கரைந்துகொண்டிருந்தது. குழுவைக் கண்டெடுத்த இசைத் தயாரிப்பாளர் டென்னி கார்டெல் அந்த வருடம் இறந்தார், தாத்தாவும் இறந்தார். அந்தக் களைப்போடு சில வாரங்களில் பதிவுசெய்த மூன்றாவது ஆல்பம் 1996இல் வந்தது. 'வென் யூ ஆர் கான்' நல்ல பாட்டு, அதை நான் இன்றும் கேட்கிறேன். ஆனால் போஸ்னியாவைப் பற்றி, போரில் சிக்கிய குழந்தைகளைப் பற்றிப் பாடியவை நிற்கவில்லை. 'ஸாம்பி'யில் இருந்த அதே அக்கறைதான். ஊறவைக்க நேரம் இல்லை, தாங்க உடம்பு இல்லை. அந்த வருடமே சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். துயரம் கூடினால் பாட்டு கூடும் என்றால் இது அவர்களுடைய மிகச் சிறந்த ஆல்பமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்து என்ன நடந்தது? ஓய்வெடுத்தார். கணவரோடு கொஞ்ச காலம் கனடாவில் இருந்தார். 1997இல் முதல் குழந்தை பிறந்தது. அந்தத் தாய்மையிலிருந்து வந்தது 'அனிமல் இன்ஸ்டிங்ட்'. 1999 ஆல்பத்தில் இருக்கிறது. மறுபடி குரலில் காற்று புகுந்திருப்பதைக் கேட்கலாம். அதே ஆல்பத்தில் 'ஃபீ ஃபை ஃபோ' என்று ஒரு பாட்டு, குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பற்றியது. தன் கதையை வெளியில் சொல்ல இன்னும் பதினான்கு வருடம் இருந்தது. ஆக, அந்தக் காயம் பாட்டுக்குள் வரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வந்தபோதும், அவர் ஓரளவு தெம்பாக, குழந்தையோடு, நிதானமாக இருந்த காலத்தில்தான் வந்தது.

2003இல் குழு தற்காலிகமாகப் பிரிந்தது. தனியாக இரண்டு ஆல்பம் செய்தார், 2007இலும் 2009இலும். 2009இல் மறுபடி சேர்ந்தார்கள். 2011இல் அப்பா இறந்தார். 2014இல் இருபது வருடத் திருமணம் முறிந்தது. அந்த நவம்பரில் விமானத்தில் ஒரு தகராறு, வழக்கு, செய்தித்தாள்களின் முதல் பக்கம். அதற்கப்புறம்தான் அவருக்கு இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். எத்தனை வருடம் பெயர் தெரியாத ஒன்றோடு மல்லுக்கட்டியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். 2017இல் முதுகுவலியால் சுற்றுப்பயணத்தை ரத்துசெய்தார்கள். இந்த வருடங்களின் கணக்கில் நின்றுபோன நிகழ்ச்சிகளும் ஒத்திப்போன வேலைகளும்தான் அதிகம். நோய் அவரிடமிருந்து பாட்டை எடுத்துக்கொண்டே இருந்தது.

அப்படியும் 2017இல் 'சம்திங் எல்ஸ்' வந்தது. லிமெரிக் பல்கலைக்கழகத்தில், வயலின், செல்லோ கலைஞர்கள் நால்வரோடு பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடினார். நாற்பத்தைந்து வயதுக் குரல். இருபது வயதில் அநாயாசமாகத் தாவிய இடங்களில் இப்போது பார்த்துக் காலெடுத்து வைக்கிறார். கீழ் ஸ்தாயியில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. மற்றவர்கள் முதல் இரண்டு ஆல்பங்களைச் சொல்வார்கள். பாடுகிறவர்கள் படிக்க வேண்டியது இதை என்பேன்.

2018 ஜனவரி 15. லண்டனுக்கு வேலையாகத்தான் வந்திருந்தார். பேட் வுல்வ்ஸ் என்ற அமெரிக்கக் குழு 'ஸாம்பி'யை மறுபடி பாடியிருந்தது, அதற்குக் குரல் கொடுப்பதாக ஏற்பாடு. அன்று காலை ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். மது மிகுந்து, குளியல் தொட்டியில் மூழ்கி நேர்ந்த விபத்து என்று விசாரணை மன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாள் செப்டம்பர் 6, அவருடைய 47ஆம் பிறந்தநாளாக இருந்திருக்கும். சிறுமியாகப் பாடிய ஊர்க் கோயிலிலேயே இறுதித் திருப்பலி நடந்தது. அப்பாவின் கல்லறையிலேயே அடக்கம்செய்தார்கள். இதைச் சுற்றி ஊகக் கதைகள் நிறைய. விபத்து என்று சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் தோண்டுவது அவருக்கும் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் செய்கிற அவமரியாதை.

2017இல் அடுத்த ஆல்பத்துக்காக அவர் பாடிவைத்த மாதிரிப் பதிவுகள் இருந்தன. குடும்பத்தின் சம்மதத்தோடு ஹோகன் சகோதரர்களும் லாலரும் ஸ்டீபன் ஸ்ட்ரீட்டும் அந்தக் குரலைச் சுற்றி இசையைக் கட்டி முடித்து 2019 ஏப்ரலில் வெளியிட்டார்கள். பிறகு குழுவை முடித்துக்கொண்டார்கள். வேறொரு பாடகியை வைத்து ஊர் ஊராகப் போயிருக்கலாம், பணம் கொட்டியிருக்கும். போகவில்லை. அந்த மூன்று பேர்மேல் எனக்கிருக்கும் மரியாதை பெரிது.

இனி உங்கள் அப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் கிண்டலாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அயர்லாந்திலும் ஒப்பாரி இருந்தது. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, இறந்தவரின் பெருமையைச் சொல்லிச் சொல்லிப் பெண்கள் பாடுவார்கள். கூலிக்கு வந்து பாடுகிறவர்களும் உண்டு. பாதிரிமார்கள் பல நூற்றாண்டு எதிர்த்து எதிர்த்து அது மெல்ல வழக்கொழிந்தது. 'ஸாம்பி'யில் குரல் உடைந்து மேலே தாவுகிற இடங்களில் பலருக்கும் அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நம் பக்கத்துச் சாவு வீடுகளில் ஒப்பாரிக்கு வருகிற பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? கேட்கிற எல்லோரையும் கலங்கடிப்பார்கள். ஓர் அடி முடிந்ததும் டீ குடிப்பார்கள், பக்கத்தில் இருப்பவளிடம் பஸ் நேரம் விசாரிப்பார்கள், மறுபடி எடுத்தால் அதே சுருதியில் வந்து நிற்பார்கள். அவர்கள் கல்மனசு என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கும் சாவுகள் உண்டு. சுனாமி வந்த வருடம் தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருந்தார்கள். அந்த நாட்களில் அவர்களில் பலருக்குப் பாட்டு வரவில்லை, வெறும் சத்தம்தான் வந்தது. நிஜமான துயரம் தொண்டையை மூடிவிடும். உங்களுக்கு இப்போது நடப்பதும் அதில் ஒரு சின்னப் பங்கு. அவர் கதையைப் படித்து மனது கனத்திருக்கிறது, அதனால் குரல் அடைக்கிறது. வலி வந்தால் குரல் நன்றாகும் என்ற கணக்கு பொய் என்பதற்கு உங்கள் தொண்டையே சாட்சி சொல்கிறது.

'ஸாம்பி'யில் கேட்கிற அந்தக் குரல் உடைவு ஒரு வித்தை. மார்பிலிருந்து வரும் கனமான குரலிலிருந்து தலைக்குரலுக்கு நடுவில் எதையும் பூசாமல் ஒரே தாவாகப் போவது. தொண்டையை இறுக்கி, அழுவதாக நடித்துச் செய்தால் ஒரு மாதத்தில் குரல் கம்மிப்போகும். கழுத்தும் தாடையும் தளர்வாக இருக்க வேண்டும், காற்றின் அளவு மாறக் கூடாது. மெதுவாக, சத்தத்தைக் கூட்டாமல், தனி உயிரெழுத்துகளில் பழகுங்கள். வந்துவிட்டால் எந்த மனநிலையிலும் வரும். கேட்பவர்கள் அதில் தங்கள் துக்கத்தைக் கேட்டுக்கொள்வார்கள். உங்கள் துக்கத்தை நீங்கள் அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படித்ததன் பாரம் சில நாளில் குறையாமல் தூக்கத்தைக் கெடுத்தால், அல்லது உங்களுக்கே சொந்தமாக ஏதாவது உள்ளே இருந்தால், அதைப் பாட்டுக்கென்று சேமித்துவைக்காதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, புதுச்சேரி வந்தால் அங்கிருந்து போய்விடலாம். டோலோரஸுக்கு நோயின் பெயர் தெரிந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருபதுகளிலேயே யாராவது கண்டுபிடித்திருந்தால் நமக்கு இன்னும் எத்தனை ஆல்பம் கிடைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

தமிழில் எழுதுகிற ஆசையைத் தள்ளிப்போடாதீர்கள். 'ஸாம்பி'யின் சாயலில் ஒன்று எழுத வேண்டாம், 'ஓட் டு மை ஃபேமிலி' பாட்டை முதலில் கேளுங்கள். புகழ் வந்த புதிதில், வீட்டையும் அப்பா அம்மாவையும் நினைத்து இருபத்திரண்டு வயதுப் பெண் எழுதியது. பெரிய வார்த்தை ஒன்றும் கிடையாது. உங்களுக்குக் கையில் இருப்பதே போதும்: ஆடிட்டர் ஆபீஸ், சனிக்கிழமை சாயங்கால பஸ், கிருமாம்பாக்கத்தில் ஏறுகிற கூட்டம், நீங்கள் பாடுவதை ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போன அப்பா. நாலு கார்டு போதும். டிஸ்டார்ஷன் வேண்டுமா என்பதை வரிகள் வந்த பிறகு முடிவுசெய்யலாம்.

ஜூன் 21 அன்று புதுச்சேரித் தெருக்களில் இசைத் திருவிழா நடக்கும்போது உங்கள் குழுவும் பாடுவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள், வந்து கேட்கிறேன். அதற்குள் தமிழ்ப் பாட்டு தயாராகிவிட்டால் அதைப் போனில் பதிவுசெய்து அனுப்புங்கள். பிசிறு இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா